கத்தியா, கதிரா?

பயாப்ஸி ரிப்போர்ட் கைக்கு வந்ததும் வீட்டில் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, "ஆபரேஷன் எப்போ?" என்பதுதான். கர்ப்பப்பை வாயில் புற்று என்றால் கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் தீர்ந்தது என்று தோன்றுவது இயல்பு. பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், இனி அது எதற்கு என்று மாமியாரும் சொல்வார், பக்கத்து வீட்டிலும் சொல்வார்கள். அந்த அவசரம் புரிகிறது. ஆனால் இந்த நோயில், அதுவும் ஆரம்பக் கட்டத்தில், நாளைக்கே ஆபரேஷன் தியேட்டருக்குப் போவதைவிட ஒரு வாரம் பொறுத்து, அளவெல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டுப் போவது நல்லது. டீ ஆறட்டும், ஏன் என்று சொல்கிறேன். நிதானமாகக் கேட்டால் இதில் விளங்காதது ஒன்றுமில்லை.

நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடலாம். புற்று கர்ப்பப்பை வாயைத் தாண்டாமல் இருக்கும்போதே கண்டுபிடித்தால், ஐந்து ஆண்டுகளைக் கடந்து வாழ்கிறவர்கள் அமெரிக்கப் பதிவேட்டுக் கணக்கில் நூற்றுக்குத் 90 பேருக்கு மேல். சுற்றியுள்ள திசுவுக்கோ, நெறிகள் எனப்படும் நிணநீர் முடிச்சுகளுக்கோ போயிருந்தால் அது சுமார் 60 ஆகக் குறைகிறது. நுரையீரல், எலும்பு என்று தொலைவுக்குப் போனபின் 20 கூட இல்லை. நம் நாட்டில் 2022இல் மட்டும் சுமார் 1.27 லட்சம் பெண்களுக்கு இந்த நோய் வந்தது, ஏறக்குறைய 80,000 பேர் இறந்தார்கள் என்று உலகப் புற்றுநோய்க் கணக்கெடுப்பு மதிப்பிடுகிறது. பெரும்பாலானவர்கள் முற்றிய பிறகு வருவதுதான் இதற்குப் பெரிய காரணம். அதனால் உங்கள் ரிப்போர்ட்டில் ஸ்டேஜ் ஒன்று என்று இருந்தால், "பிழைப்பேனா" என்ற கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வைக்கலாம். "எவ்வளவு குறைந்த சேதாரத்தில் குணமாகலாம்?" என்று கேட்கிற இடத்தில் நீங்கள் இருக்கிறீர்கள்.

அதற்குப் பதில் சொல்வது சென்டிமீட்டரும் மில்லிமீட்டரும்தான். ஸ்டேஜ் பிரிக்கும் விதியை உலக மகப்பேறு மருத்துவர் கூட்டமைப்பான ஃபிகோ வகுக்கிறது. இப்போது புழக்கத்தில் உள்ளது 2018இல் திருத்தியது. மைக்ராஸ்கோப்பில் மட்டும் தெரிகிற, 3 மில்லிமீட்டருக்குமேல் ஆழம் போகாத புற்று 1ஏ1. மூன்றிலிருந்து ஐந்து மில்லிமீட்டர்வரை 1ஏ2. அதற்குமேல் ஆழம் போனால் 1பி. அதில் 2 சென்டிமீட்டர் அகலம்வரை 1பி1, நான்குவரை 1பி2, நான்கும் அதற்கு மேலும் 1பி3. ரிப்போர்ட்டில் இவை ரோமன் எண்களில் இருக்கும். இடுப்புக்குள் இருக்கிற நெறிகளில் புற்று ஏறியிருந்தால் கட்டி சின்னதாக இருந்தாலும் அது 3சி ஆகிவிடும். நெறிக்கு அவ்வளவு முக்கியத்துவம்.

இந்த அளவை ஒரு ஸ்கேன் மட்டும் பார்த்துச் சொல்லிவிட முடியாது. டாக்டர் முன்வழியாகவும் ஆசனவாய் வழியாகவும் விரலால் தொட்டுப் பார்ப்பார். கர்ப்பப்பை வாயின் இரண்டு பக்கமும் திசு மெத்தென்று இருக்கிறதா, இறுகியிருக்கிறதா என்று விரல்தான் முதலில் சொல்லும். பெண்களுக்குச் சங்கடமான பரிசோதனை, ஆனால் தவிர்க்கக் கூடாதது. பிறகு கட்டியின் அகலத்துக்கு எம்ஆர்ஐ, நெறிகளுக்கும் மற்ற இடங்களுக்கும் சிடி அல்லது பெட் ஸ்கேன். கண்ணுக்கே தெரியாத புற்றென்றால் வாயின் நுனியைக் கூம்பு வடிவில் வெட்டியெடுத்து, ஆழத்தை மில்லிமீட்டரில் அளப்பார்கள். அதற்குக் கோன் பயாப்ஸி என்று பெயர்.

சில பெண்களுக்கு அந்தக் கோன் பயாப்ஸியே சிகிச்சையாகவும் முடிந்துவிடும். 3 மில்லிமீட்டருக்குள் ஆழம், வெட்டிய ஓரத்தில் புற்று இல்லை, சின்ன ரத்தக் குழாய்க்குள்ளோ நிணநீர்க் குழாய்க்குள்ளோ புற்றணு புகவில்லை என்று மூன்றும் சரியாக இருந்தால், நெறிக்குப் போயிருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. குழந்தை வேண்டுமென்றால் அதோடு விட்டுவிட்டுத் தொடர்ந்து பரிசோதித்து வரலாம். வேண்டாம் என்றால் சாதாரண கர்ப்பப்பை நீக்க ஆபரேஷன் போதும். "கேன்சர்னு சொல்லிட்டு இவ்வளவுதானா?" என்று வீட்டில் யாராவது சந்தேகப்படுவார்கள். இந்த அளவில் இவ்வளவுதான்.

கட்டி கண்ணுக்குத் தெரிகிற அளவானால் கணக்கு மாறுகிறது. 1898இல் வியன்னாவில் எர்ன்ஸ்ட் வெர்தைம் என்ற மருத்துவர் தொடங்கிய பெரிய ஆபரேஷன்தான் இன்றைக்கும் அடிப்படை. ராடிகல் ஹிஸ்டரெக்டமி என்பார்கள். சாதாரண ஆபரேஷனில் கர்ப்பப்பையையும் அதன் வாயையும் மட்டும் எடுப்பார்கள். இதில் செடியை வேரடி மண்ணோடு பெயர்ப்பதுபோல, வாயின் இரண்டு பக்கத்துத் திசு, யோனியின் மேல்பகுதி, இடுப்பு நெறிகள் எல்லாம் சேர்ந்து வரும். பக்கவாட்டுத் திசுவுக்குள்ளேதான் சிறுநீரகத்திலிருந்து இறங்கும் குழாய் ஓடுகிறது. சிறுநீர்ப்பைக்குப் போகும் நரம்புகளும் அங்கேதான். குழாயைக் கவனமாகப் பிரித்து ஒதுக்குவார்கள். நரம்புகளில் கொஞ்சமாவது அடிபடாமல் இருப்பது கடினம்.

அதன் விளைவை வார்டில் பார்க்கலாம். ஆபரேஷன் முடிந்து ஒரு வாரமோ அதற்கு மேலோ யூரின் ட்யூப் இருக்கும். எடுத்தபிறகு சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்வார்கள். வந்ததும் பையில் இன்னும் எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்று ஸ்கேனிலோ மெல்லிய ட்யூப் விட்டோ அளப்பார்கள். "போயிட்டு வந்துட்டேன் சிஸ்டர், நல்லாத்தான் போச்சு" என்று அந்தப் பெண் சொல்வார். அளந்து பார்த்தால் பாதி உள்ளேயே தேங்கியிருக்கும். பை நிறைந்தது என்று உணர்த்த வேண்டிய நரம்பு மந்தமாகிவிட்டது. மறுபடி ட்யூப். சிலர் ட்யூபோடு வீட்டுக்குப் போய்ப் பிறகு வந்து எடுத்துக்கொள்வார்கள். முக்கால்வாசிப் பேருக்குச் சரியாகிவிடும். சிலருக்கு முக்கிக் கழிக்கும் பழக்கமோ, இருமினால் கசிவதோ நெடுநாள் நிற்கும்.

இவ்வளவு பெரிய ஆபரேஷன் எல்லோருக்கும் வேண்டுமா என்று சோதித்துப் பார்த்ததுதான் ஷேப் என்ற ஆய்வு. கனடாவின் கியூபெக்கைச் சேர்ந்த மரி பிளாண்ட் தலைமையில் 12 நாடுகளில் 700 பெண்களிடம் நடந்து, 2024இல் வெளிவந்தது. கட்டி 2 சென்டிமீட்டருக்குள், ஆழமும் குறைவு என்ற பெண்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குப் பெரிய ஆபரேஷன், மறு பாதிக்குச் சாதாரண ஆபரேஷன் செய்தார்கள். நெறி பார்ப்பது இரு பாதிக்கும் உண்டு. மூன்று ஆண்டில் இடுப்புக்குள் புற்று திரும்பியது பெரிய ஆபரேஷனில் 2.17 சதவீதம், சாதாரண ஆபரேஷனில் 2.52 சதவீதம். சொல்லும்படி வித்தியாசமில்லை. நான்கு வாரம் கழிந்த பிறகும் சிறுநீர் தேங்கியவர்கள் பெரிய ஆபரேஷனில் 9.9 சதவீதம், சாதாரண ஆபரேஷனில் 0.6 சதவீதம். கட்டி சின்னது என்றால் சின்ன ஆபரேஷனைக் கேட்டுப் பெறலாம் என்று தைரியம் தந்தது இந்த ஆய்வு.

இதற்கு நேர்மாறாக ஒரு பாடமும் உண்டு. வயிற்றைக் கிழிக்காமல், சின்னத் துளைகள் வழியாகக் கேமரா விட்டுச் செய்வது லேப்ராஸ்கோப்பி. வலி குறைவு, சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம், தழும்பும் தெரியாது. ராடிகல் ஆபரேஷனையும் அப்படிச் செய்யலாம் என்று உலகம் முழுக்கப் பழகிவிட்டார்கள், ரோபோவும் வந்துவிட்டது. அமெரிக்காவின் எம்டி ஆண்டர்சன் மையத்தின் பெட்ரோ ராமிரெஸ் தலைமையில் 33 மருத்துவமனைகளில் 631 பெண்களிடம் அதைச் சோதித்து 2018இல் வெளியிட்டார்கள். நாலரை ஆண்டில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் வயிற்றைத் திறந்து செய்ததில் 96.5 சதவீதம், துளை வழியில் 86 சதவீதம். மூன்று ஆண்டில் உயிரோடு இருந்தவர்கள் 99க்கு எதிராக 93.8. யாரும் எதிர்பார்க்காத முடிவு. கர்ப்பப்பையை உள்ளே அசைக்க வைக்கிற கருவி, வயிற்றுக்குள் ஏற்றுகிற வாயு, புற்று வயிற்றுக்குள் சிந்துவது என்று பல காரணங்கள் பேசப்படுகின்றன. அதனால் ராடிகல் ஆபரேஷன் என்றால் வயிற்றைத் திறந்து செய்வதே இப்போது முறை. "ரோபோல பண்ணித் தர்றோம், தழும்பே தெரியாது" என்று யாராவது சொன்னால், இந்தக் கணக்கைச் சொல்லிக் கேளுங்கள்.

குழந்தை இன்னும் இல்லாத பெண்ணுக்கு வேறொரு வழி இருக்கிறது. பிரான்ஸின் லியோன் நகரத்தில் டானியேல் தார்ஜான் என்ற மருத்துவர் 1980களின் பிற்பகுதியில் தொடங்கியது. கர்ப்பப்பையின் வாயையும் பக்கத்துத் திசுவையும் மட்டும் எடுத்துவிட்டு, மேலே இருக்கும் கர்ப்பப்பையை யோனியோடு சேர்த்துத் தைத்துவிடுவார்கள். கருவைத் தாங்க அங்கே நிரந்தரமாக ஒரு தையலும் போடுவார்கள். இதற்கு டிரக்கிலெக்டமி என்று பெயர். 2 சென்டிமீட்டருக்குள், நெறி சுத்தம் என்றால்தான் இதற்கு இடம். பிறகு கர்ப்பம் தரித்தால் குறைமாதப் பிரசவத்துக்கான வாய்ப்பு அதிகம், பிரசவமும் சிசேரியன்தான். கட்டி மிகச் சின்னதென்றால் கோன் எடுத்து, நெறி பார்த்து, அதோடு விடுவதும் உண்டு. கல்யாணம் ஆகாத பெண் என்றால் இதைக் கேட்க வீட்டில் வாய் வராது. ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடுவதற்கு முன் கேட்டுவிட வேண்டிய விஷயம் இது.

இனிமேல்தான் மூலக் கேள்வி. கதிர்வீச்சு என்றாலே, ஆபரேஷன் பண்ண முடியாதவர்களுக்குக் கொடுப்பது என்று நம் ஊரில் ஒரு நினைப்பு. அது தவறு. இத்தாலியில் 1986இலிருந்து 1991வரை 1பி, 2ஏ நிலையில் இருந்த 343 பெண்களைச் சேர்த்து, ஒரு பாதிக்கு ஆபரேஷன், மறு பாதிக்குக் கதிர்வீச்சு என்று கொடுத்துப் பார்த்தார்கள். 1997இல் முடிவு வந்தது. ஐந்து ஆண்டில் உயிரோடு இருந்தவர்கள் இரண்டு பக்கமும் 83 சதவீதம். நோய் இல்லாமல் இருந்தவர்கள் இரண்டு பக்கமும் 74 சதவீதம். ஆக, இரண்டும் சமம். கடுமையான பக்கவிளைவில்தான் வித்தியாசம். ஆபரேஷன் பக்கம் 28, கதிர்வீச்சுப் பக்கம் 12.

ஏன் அப்படி? கத்தி மோசம் என்பதால் மட்டும் இல்லை. ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்குப் பிறகு கதிர்வீச்சும் தேவைப்பட்டது. 4 சென்டிமீட்டருக்குள் இருந்தவர்களில் 54 சதவீதம், அதைத் தாண்டியவர்களில் 84 சதவீதம். எடுத்ததைச் சோதித்துப் பார்த்தபோது நெறியில் புற்று, ஓரத்தில் புற்று, ஆழம் அதிகம் என்று வந்தால் கதிர்வீச்சு கொடுக்காமல் விட முடியாது. வெட்டியதால் குடல் இறங்கி ஒட்டிக்கொண்டிருக்கும் இடத்திலேயே கதிரும் விழும். கத்தியின் சேதமும் கதிரின் சேதமும் ஒரே உடம்பில் சேரும். நாட்பட்ட பேதி, குடல் அடைப்பு, கால் வீக்கம் எல்லாம் இங்கேதான் அதிகம்.

இதிலிருந்து வருவதுதான் ஆரம்பக் கட்டச் சிகிச்சையின் தலையாய விதி: ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், அந்த ஒன்றிலேயே முடியும்படி தேர்ந்தெடுங்கள். சின்னக் கட்டி, நெறி சுத்தம் என்று தெரிந்தால் ஆபரேஷன். பின்னால் எப்படியும் கதிர்வீச்சு கொடுக்க வேண்டியிருக்கும் என்று முன்கூட்டியே தெரிந்தால், கத்தியை எடுக்காமல் நேராகக் கதிர்வீச்சுக்குப் போவதே நல்லது.

4 சென்டிமீட்டரைத் தாண்டிய கட்டிக்கு அதுதான் வழி. கதிரோடு வாரம் ஒருமுறை சிஸ்பிளாட்டின் என்ற மருந்தையும் சேர்த்தால் பிழைப்பவர் கூடுகிறார்கள் என்று 1999இல் அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய் நிறுவனம் மருத்துவர்களுக்கு அறிவிப்பே வெளியிட்டது. "முதலில் கீமோ கொடுத்துக் கட்டியைச் சுருக்கிவிட்டு ஆபரேஷன் பண்ணலாமே" என்ற யோசனையை மும்பை டாட்டா மெமோரியல் மருத்துவமனை 633 பெண்களிடம் சோதித்து 2018இல் முடிவு சொன்னது. ஐந்து ஆண்டு நோயின்றி இருந்தவர்கள் கீமோ, பிறகு ஆபரேஷன் என்ற பாதையில் 69.3 சதவீதம், கதிரும் மருந்தும் சேர்ந்த பாதையில் 76.7 சதவீதம். நம் நாட்டுப் பெண்களிடமே செய்து கண்ட முடிவு இது.

கதிர்வீச்சை "கரண்ட் வைக்கிறது" என்று சொல்லிச் சொல்லியே பயந்துவிடுகிறோம். ஷாக் எதுவும் அடிக்காது. எக்ஸ்ரே எடுப்பதுபோல அசையாமல் படுத்திருந்தால் சில நிமிடத்தில் முடியும். திங்கள் முதல் வெள்ளிவரை, சுமார் ஐந்து வாரம். ஒவ்வொரு நாளும் தண்ணீர் குடித்து, சிறுநீரை அடக்கிக்கொண்டு போய்ப் படுக்கச் சொல்வார்கள். நிறைந்த பை குடலை மேலே தள்ளி, கதிர் படாமல் காக்கும். அடுத்தது உள்கதிர். ஆபரேஷன் தியேட்டரில் மயக்கமோ வலி மரப்போ கொடுத்து, கர்ப்பப்பைக்குள் ஒரு மெல்லிய குழாயும் வாயின் இரு பக்கம் இன்னும் இரண்டும் வைப்பார்கள். சிறுநீர்ப்பையும் மலக்குடலும் விலகி நிற்க நடுவில் துணி திணிப்பார்கள். ஸ்கேன் எடுத்துக் கணக்குப் போட்டபின், அந்தக் குழாய்களுக்குள் இரிடியம் என்ற கதிர்மணி கம்பியில் வந்து சில நிமிடம் நின்றுவிட்டுத் திரும்பிப் போய்விடும். பிறகு குழாய்களையும் எடுத்துவிடுவார்கள். உடம்பில் கதிர் எதுவும் தங்காது. வீட்டுக்கு வந்து பேரப்பிள்ளையைத் தூக்கலாம். இப்படிச் சில முறை. மொத்தச் சிகிச்சையும் எட்டு வாரத்துக்குள் முடிய வேண்டும். இழுத்துக்கொண்டே போனால் பலன் குறையும். அதனால் நடுவில் ஊர்த் திருவிழா, கல்யாணம் என்று நிறுத்தாதீர்கள்.

ஆபரேஷனுக்குப் பிறகு கதிர்வீச்சு தவிர்க்க முடியாமல் போனவர்களுக்கும் ஒரு ஆறுதல் இருக்கிறது. டாட்டா மெமோரியலில் சுப்ரியா சோப்ராவும் குழுவினரும் அப்படிப்பட்ட 300 பெண்களிடம் பழைய முறையையும், குடலை ஒதுக்கிக் குறிவைக்கும் ஐஎம்ஆர்டி முறையையும் ஒப்பிட்டு 2021இல் வெளியிட்டார்கள். மூன்று ஆண்டில் குடல் தொந்தரவு பழைய முறையில் 42.4 சதவீதம் பேருக்கு, புதிய முறையில் 21.1 சதவீதம் பேருக்கு. பாதியாகக் குறைந்தது. எந்த மெஷினில், எந்த முறையில் என்று கேட்பதில் தப்பே இல்லை.

இப்போது நம் ஊரில் நடக்கிற ஒரு தவறைச் சொல்லியாக வேண்டும். ஒரு பெண்ணுக்கு வெள்ளைப்படுகிறது, உறவின்போது ரத்தம் கசிகிறது, மாதவிலக்கு நின்றபின் மறுபடி பட்டிருக்கிறது. சின்ன ஆஸ்பத்திரியில் அல்ட்ராசவுண்ட் எடுத்து, "கர்ப்பப்பை வீக்கம், எடுத்துடலாம்" என்று சாதாரண ஆபரேஷன் செய்துவிடுகிறார்கள். கருவி வைத்து வாயைக் கண்ணால் பார்க்கவில்லை, பாப் ஸ்மியரும் எடுக்கவில்லை. பத்து நாள் கழித்து எடுத்த சதையின் ரிப்போர்ட் வருகிறது: புற்று. புற்றை நடுவில் வெட்டி எடுத்தார்களா, ஓரத்தில் மிச்சம் இருக்கிறதா என்று தெரியாமல் பெரிய மருத்துவமனைக்கு ஓடி வருவார்கள். உள்கதிர் வைக்கக் கர்ப்பப்பையே இல்லை. பலருக்குக் கதிரும் மருந்தும் கட்டாயமாகிவிடும். ஒன்றில் முடிந்திருக்க வேண்டியது இரண்டாகிவிட்டது. கர்ப்பப்பையை எடுக்கலாம் என்று யார் சொன்னாலும், "வாயைப் பரிசோதிச்சாச்சா, ஸ்மியர் ரிப்போர்ட் எங்கே?" என்று கேளுங்கள்.

சிகிச்சைக்குப் பிறகான வாழ்க்கையைப் பற்றி மருத்துவமனையில் பெரும்பாலும் பேச நேரம் இருக்காது. ஆபரேஷன் என்றால் வயதில் இளையவர்களுக்குச் சூலகங்களை விட்டுவைக்கலாம், சூடு கிளம்புவதும் எலும்பு தேய்வதும் சீக்கிரம் வராது. கதிர்வீச்சில் சூலகம் ஓய்ந்துவிடும், யோனி சுருங்கி வறண்டுபோகும். டைலேட்டர் என்ற கருவியை எப்படி, எத்தனை நாளைக்கு ஒருமுறை உபயோகிப்பது என்று நர்ஸ் சொல்லித் தருவார். அது தாம்பத்தியத்துக்காக மட்டும் இல்லை, பிறகு டாக்டர் உள்ளே பரிசோதிக்கவும் வழி இருக்க வேண்டும். உறவால் கணவருக்குப் புற்று ஒட்டாது. நோய் திரும்புவதாக இருந்தால் பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று ஆண்டுக்குள் திரும்பும், அதனால் அந்தக் காலத்தில் மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை போய்க் காட்ட வேண்டும். நடுவில் ரத்தம் பட்டாலோ, ஒரு கால் மட்டும் வீங்கினாலோ, இடுப்பு வலி விடாமல் இருந்தாலோ தேதிக்குக் காத்திருக்க வேண்டாம்.

சீக்கிரம் கண்டுபிடிப்பதற்கும் நம் மாநிலத்திலேயே சான்று இருக்கிறது. திண்டுக்கல் மாவட்டத்தில் அம்பிளிக்கை மருத்துவமனையோடு சேர்ந்து 30 முதல் 59 வயதுப் பெண்களுக்கு, நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி வாயைப் பார்க்கும் பரிசோதனையை ஒரே ஒருமுறை செய்தார்கள். 2007இல் வந்த முடிவின்படி அந்தக் கிராமங்களில் இந்தப் புற்று 25 சதவீதமும், அதனால் வந்த சாவு 35 சதவீதமும் குறைந்தன. பிறகு தேனியிலும் தஞ்சாவூரிலும் அரசு முன்னோட்டம் பார்த்தது. இப்போது ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகவே செய்கிறார்கள். புற்று என்று தெரிந்தபின் ஆகும் செலவுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. ஆபரேஷன், கதிர்வீச்சு, கீமோ மூன்றும் அதில் அடங்கும்.

நாளைக்கு டாக்டரைப் பார்க்கப் போகும்போது ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள்: கட்டி எத்தனை சென்டிமீட்டர், நெறி எப்படி இருக்கிறது, இந்த ஒரு சிகிச்சையிலேயே முடியுமா, ஆபரேஷனுக்குப் பிறகு கதிர் தேவைப்பட எவ்வளவு வாய்ப்பு. கடைசிக் கேள்விக்கு "அநேகமாக வேண்டியிருக்கும்" என்று பதில் வந்தால், கத்தி வைக்கச் சம்மதிக்கும் முன் அதே மருத்துவமனையிலோ வேறிடத்திலோ கதிர்வீச்சு மருத்துவர் ஒருவரையும் பார்த்துவிடுங்கள். அதற்கு ஒரு வாரம் போனால் போகட்டும், ஆரம்பக் கட்ட நோய் அந்த ஒரு வாரத்தில் ஓடிவிடாது.